கேட்டுக்கு வெளியே ஆஸ்டின்

முடிச்சூரில் ரோஸியம்மாவின் லேடீஸ் ஹாஸ்டல் எங்கே என்று கேட்டால் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுபோய் விட்டுவிடுவார். ரோஸி, தாம்பரம் ரயில்வே ஷெட்டில் கலாசியாக, எடுபிடி வேலையில் இருந்த ஞானையாவின் மூத்த பெண். ஞானையாவுக்கு இரண்டு தாரம். மூத்தவள் புஷ்பம் பெற்றது ரோஸி. புஷ்பம் போன பிறகு வந்த கங்கம்மா பெற்றது ஆஸ்டின். கங்கம்மாவும் சீக்கிரமே போய்விட்டதால் மாற்றாந்தாய்ப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் ரோஸிதான்.

ஆஸ்டினுக்குச் சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. அதன் பிறகு உடம்பு ஓங்கி வளர்ந்தது. புத்தி அங்கேயே நின்றுவிட்டது. முரடன் கிடையாது. ஒரு பேச்சைச் சொன்னால் அதை அப்படியே பிடித்துக்கொள்வான், அவ்வளவுதான். பால் பொங்குதா பாரு என்று ரோஸி சொல்லிவிட்டுப் போனால், பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகும் பார்த்துக்கொண்டே நிற்பான்.

"இறக்கி வைக்கிறதுக்கு இன்னாடா?"

"பாக்கத்தானேக்கா சொன்ன."

ரோஸியைக் கட்டிய ஜோஷ்வா மாடி வீடு ஒன்றைக் கட்டி முடித்த கையோடு நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி இல்லை. தம்பியைப் பின்கட்டு அறையில் வைத்துக்கொண்டு, மற்ற அறைகளை வேலைக்குப் போகும் பெண்களுக்கு விட்டாள் ரோஸி. திருமுடிவாக்கம் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், தெற்கத்திப் பெண்கள். அக்கா தம்பி இரண்டு பேருடைய சோறும் அதில்தான்.

பிறகுதான் கலெக்டர் லைசென்ஸ் இல்லாமல் பெண்கள் விடுதி நடத்தக்கூடாது என்று நோட்டீஸ் வந்தது. ஃபயர் சர்டிபிகேட், கேமரா, வாட்ச்மேன் என்று நீண்ட அந்தச் சமாசாரமெல்லாம் ரோஸிக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பார்வையிட வந்த அதிகாரியம்மா பின்கட்டில் எட்டிப் பார்த்தபோதுதான் காகிதங்களை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள்.

"இவர் யாரும்மா?"

"என் தம்பி மேடம். கொயந்த மாதிரி."

"வயசு?"

"நாப்பது ஆவுது."

அதிகாரியம்மாவைப் பொல்லாதவர் என்று சொல்ல முடியாது. "எனக்குப் புரியுதும்மா. ஆனா பொண்ணுங்க தங்குற கட்டடத்துல ஆம்பள தங்கக்கூடாது. இப்பத்தான் ஒரு எடத்துல ஓனரம்மாவோட தம்பி பாத்ரூம்ல கேமரா வெச்சு மாட்டினான். அவனையும் அவங்கக்கா குழந்தை மாதிரின்னுதான் சொன்னாங்க."

அதிகாரியம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தப் பெண்களைப் பெற்றவர்கள் அறை பார்க்க வரும்போது முதலில் கேட்பதும் அதைத்தானே.

ஊருக்கு வெளியே இருந்த ஒரு காப்பகத்துக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே ஒருவனை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்தார்கள். அவன் ரோஸியைப் பார்த்து, "மாமி, வீட்டுக்குப் போலாமா?" என்றான். திரும்பி வந்து அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

வழி சொன்னவன், லைசென்ஸ் காகிதமெல்லாம் எழுதிக் கொடுத்த ஏஜெண்ட் குப்புராஜ்.

"இன்னாத்துக்குக்கா பேஜாராவுற? எப்படியும் ஒரு வாட்ச்மேன் வோணும். உன் தம்பியவே போட்ரு. கேட்டுக்கு வெளிய ஒரு ஷெட்டப் போடு. உள்ள தங்கலைன்னா அவன் ஆம்பளயும் இல்ல, தம்பியும் இல்ல. வாட்ச்மேன்."

மார்க்கெட்டில் காக்கிச் சட்டை தைத்தாயிற்று. ஆஸ்டினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பால்காரருக்கு சல்யூட், போஸ்ட்மேனுக்கு சல்யூட், குப்பை லாரிக்கும் சல்யூட். ஆனால் பொழுது சாய்ந்ததும் தலையணையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு வந்துவிட்டான்.

"இங்க இல்லடா. உன் ரூமு இனிமே ஷெட்டுதான். இது பொண்ணுங்க வூடு. கேட்டத் தாண்டி நீ காலு வெச்சா லைசென்ஸ் பூடும். அக்காவ வூட்ட வுட்டு தொரத்திருவாங்க."

"நீ மட்டும் உள்ள தூங்குவியா?"

"ஆமாண்டா."

ஒரு தடவை இடிக்குப் பயந்து உள்ளே ஓடி வந்தான். ரோஸி அவனை முதன்முதலாக அடித்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை. தட்டைக் கம்பி இடுக்கில் வாங்கிக்கொண்டு வெளியே உட்கார்ந்து சாப்பிட்டான். மறுபடி பார்வையிட வந்த அதிகாரியம்மாவே, "உள்ள வந்து ஃபேன்ல உட்காருங்களேன்" என்றபோது, "ஆம்பள வரக்கூடாது மேடம்" என்று சல்யூட் அடித்தான். லைசென்ஸ் கிடைத்தது. ரோஸி அதை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டினாள்.

பெண்களுக்கு அவன்மேல் பிரியம். வம்புக்கும் குறைச்சல் இல்லை. எப்சி என்று ஒருத்தி, திருநெல்வேலிக்காரி, யார் குரலிலும் பேசுவாள். கேட் பூட்டிய பிறகு சினிமா விட்டு வந்தால் தெருமுனையில் நின்று ஆஸ்டினுக்கு போன் போடுவாள். "டேய் ஆஸ்டினு, கேட்டத் தொறடா, பொண்ணுங்க வந்துகினு கீதுங்க!" அச்சு அசல் ரோஸிதான். அவனும் திறந்துவிடுவான். விஷயம் தெரிந்தபோது ரோஸிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் லைசென்ஸ் என்ன ஆவது? எப்சியைக் கண்டித்துவிட்டு, தம்பியின் தாடையைப் பிடித்துச் சொன்னாள்.

"போன்ல என் கொரலே வந்தாலும் நம்பாத. நான் நேர்ல வந்து நின்னு சொன்னாதான் கேக்கணும். இன்னா?"

"நேர்ல வந்து சொன்னாதான்."

லைசென்ஸைப் புதுப்பிக்கும் வேளை ஒரு கார்த்திகையில் வந்தது. மழையோடு மழையாக ரோஸி செங்கல்பட்டுக்குப் புறப்பட்டாள். கேட்டருகே நின்று வழக்கம்போல, "நான் வர்ற வரைக்கும் எடத்த வுட்டு நவுராத" என்றாள். கலெக்டர் ஆபீசில் காகிதத்தைக் கொடுத்துத் திரும்பும்போது வண்டி கூடுவாஞ்சேரியோடு நின்றுவிட்டது. தண்டவாளத்தில் தண்ணீர். சித்தப்பா மகள் தாயாரம்மாள் வீடு அங்கேதான், அங்கே தங்கினாள்.

விடிந்து வெகு நேரம் கழித்து கிருபாவிடமிருந்து போன் வந்தது. நாகர்கோயில் பெண், நர்ஸ், பதறாதவள். அவளே எடுத்த எடுப்பில் கத்தினாள்.

"ஆன்ட்டி, ஆத்துத் தண்ணி தெருவுக்குள்ள வந்துட்டு. நாங்க எல்லாரும் மாடியில இருக்கோம். அண்ணன் வரமாட்டேங்காரு. கேட்டப் பிடிச்சிட்டு நிக்காரு. இடுப்பு வரைக்கும் தண்ணி."

"இஸ்துகினு வாங்கம்மா அவன!"

"நாலு பேரு போய் இழுத்துப் பாத்தாச்சு. லைசென்ஸ் போயிரும்னு தள்ளி விடுதாரு."

"போனை ஸ்பீக்கர்ல போட்டு அவங்கிட்ட காட்டு."

கிருபா படியிறங்கித் தண்ணீருக்குள் போகும் சத்தம் கேட்டது. ரோஸி கத்தினாள். "ஆஸ்டினு! அக்கா பேசுறேண்டா. உள்ள போ. மாடிக்குப் போ!"

மறுபக்கம் அவன் சிரித்தான்.

"எப்சி தானே? அக்கா சொல்லிட்டா. நேர்ல வந்தாதான் கேப்பேன்."

"டேய், நான் உன் அக்காடா! கங்கம்மா சித்தி மேல சத்தியம்டா!"

"எப்சி, நல்லா பேசுற நீ."

பக்கத்திலிருந்து எப்சி ஓவென்று அழுவது போனில் கேட்டது. "அண்ணா, நான் இங்க நிக்கேன், பேசுறது நானில்லண்ணா!" யார் குரலிலும் பேசுகிறவள்தானே, அவன் நம்பவில்லை. பிறகு பெண்கள் எல்லாரும் ஒரே குரலாக அலறினார்கள். கேட் தூணோடு பெயர்ந்து போனதாகவும், கடைசிவரை அவன் கை கேட்டை விடவில்லை என்றும் கிருபா பிற்பாடுதான் சொன்னாள்.

தண்ணீர் வடிந்த பிறகு இரண்டு தெரு தள்ளி ஒரு காலி மனையின் வேலியில் கிடைத்தான். காக்கிச் சட்டையின் பொத்தான் ஒன்றுகூட அவிழவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு பெட்டியில் வந்தபோது அக்கம்பக்கத்தார் தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். குப்புராஜ் ரோஸியின் காதோடு, "லேடீஸ் தங்குற எடம்க்கா, வெளியவே வெச்சுக்கலாம். இன்ஸ்பெக்சன் வேற வரும்" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்.

ரோஸி அவனைப் பார்க்கக்கூட இல்லை. தூணிருந்த இடத்தில் போய் நின்றாள்.

"உள்ள எடுத்துகினு வாங்க. ஹால்ல வைங்க."

தூக்கி வந்தவர்கள் தயங்கி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெண்கள் சேறு படிந்த சாப்பாட்டு மேசையை ஓரமாக இழுத்துப் போட்டு வழிவிட்டார்கள். ரோஸி குனிந்து பெட்டியின் தலைமாட்டில் கையை வைத்தாள்.

"வாடா. நேர்லதான் வந்துகீறேன். நான்தான் சொல்றேன், வா."