மாப்பிள்ளை முறித்த திறப்பு

போன சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்குக் கார் ஓட்டிப் போனேன். திறப்பு இல்லாமல், சாவியே இல்லாமல்.

நடந்தது இதுதான். என் சிநேகிதன் ஜெரோமுக்கு நாற்பது வயதில் கல்யாணம் கூடிவந்தது. ஆள் கொழும்பு கொட்டாஞ்சேனை, துறைமுகத்தில் கிளார்க். பின்னேரம் நாலு மணிக்கு மாதா கோயிலில் கல்யாணப் பூசை. வெள்ளவத்தையில் தைக்கக் கொடுத்திருந்த கோட் சூட்டை எடுக்க மத்தியானம் வந்தவன், கடையிலேயே அதைப் போட்டுக்கொண்டான். அங்கிருந்து நேரே என் காரில் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு.

அவனைக் காருக்குள் இருத்திவிட்டு எதிர்ப்பக்கம் பூ வாங்கப் போனேன். பத்து நிமிஷம்தான். திறப்பு என் சட்டைப் பையில்.

திரும்பி வந்தால் ஜெரோம் ஸ்டியரிங் பக்கம் இருக்கிறான். முகம் வெளிறிப் போயிருந்தது. கையில் பாதித் திறப்பு.

"மச்சான், பொலிஸ்காரன் வந்து காரை உடனே எடுக்கச் சொன்னவன். இல்லாட்டி குண்டுக்கார் எண்டு ஆமியைக் கூப்பிடுவானாம்."

"அதுக்கு?"

"என்ர திறப்பைப் போட்டுப் பாத்தனான். கொஞ்சம் இறுக்கமா இருந்தது. ஒருக்கா முறுக்கினனான்…"

மற்றப் பாதி லொக்குக்குள். என் திறப்பு உள்ளே போக இடமில்லை. ஸ்டியரிங்கும் அசையவில்லை.

அது என்ன திறப்பு என்கிறீர்களா? கல்யாணம் முடிந்து குடிபோக எடுத்திருந்த வாடகை வீட்டுத் திறப்பு! அதைக் காருக்குப் போடலாம் என்று எந்த மூளை சொல்லும்? அன்றைக்கு மாப்பிள்ளையாகிற மூளை சொல்லும்.

பக்கத்து ஒழுங்கைக்குள் ஓடிப்போய் கராஜ் மெக்கானிக் பாஸைக் கூட்டிவந்தேன். அவர் குனிந்து பார்த்தார். ஜெரோமின் டையைப் பார்த்தார். பிறகு பெரிய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து நெம்பினார். லொக் முழுதாகக் கையோடு வந்தது, ஸ்டியரிங்கும் அசைந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே இரண்டு மூன்று வயர்கள் தொங்கின.

"இதுகளைச் சேத்தா ஸ்டார்ட். பிரிச்சா ஓஃப். புது லொக் திங்கட்கிழமை போடலாம்" என்றார் பாஸ்.

புறப்பட்டோம். ஜெரோம் அரை மைலுக்கு ஒரு தடவை "சொறி மச்சான்" என்றான். நான் "பரவாயில்லை" என்றேன். பொய்தான்.

கொள்ளுப்பிட்டி தாண்டினதும் சோதனைச் சாவடி. இளம் சிப்பாய் கை காட்டி நிற்பாட்டினான்.

"எஞ்சினை ஓஃப் பண்ணு" என்றான் சிங்களத்தில்.

யோசிக்காமல் டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டேன். அடுத்த நொடி அவன் துவக்குக் குழல் என் பக்கம் திரும்பியது.

கை இரண்டையும் மேலே தூக்கினேன். எஞ்சின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யுத்தம் நடக்கிற இந்தக் காலத்தில், இந்தக் கொழும்பில், காருக்குள் வயர் தொங்க இரண்டு தமிழர்… இன்றைக்கு வீடு போய்ச் சேருவேனா?

இறக்கினார்கள். அடையாள அட்டை, கொழும்பில் தங்க எடுத்த பொலிஸ் பதிவு எல்லாம் பார்த்தார்கள். சீட்டைத் தூக்கினார்கள். டிக்கியைத் திறந்தால் ரோஜாப்பூ. வயது போன கோப்ரல் ஒருவர் வந்தார்.

"யத்துர கோ?" திறப்பு எங்கே என்று கேட்டார்.

ஜெரோம் பொக்கற்றிலிருந்து பாதித் திறப்பை எடுத்து நீட்டினான். தனக்கு நாலு மணிக்குக் கல்யாணம் என்பதிலிருந்து முறுக்கினது வரை, கொட்டாஞ்சேனைச் சிங்களத்தில் ஒப்புவித்தான். பாவமன்னிப்புக்கூட அவ்வளவு பக்தியாகக் கேட்டிருக்க மாட்டான்.

கோப்ரல் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உன் புது வீட்டுத் திறப்பா?"

"ஓவ் அய்யே." ஓம் அண்ணே என்றான்.

"அப்ப பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு எப்பிடி வீட்டுக்குள்ள போவாய், மல்லி?" என்று தம்பி முறை சொல்லிக் கேட்டார்.

ஜெரோம் கோப்ரலின் கையிலிருந்த துண்டை எட்டிப் பார்த்தான். காரைப் பற்றியே கவலைப்பட்டவன், இதை அதுவரை யோசிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்து முதலில் சிரித்தது துவக்கை நீட்டின சிப்பாய்தான். பிறகு கோப்ரல். பிறகு நான்… பயம் தெளிந்த சிரிப்பு நிற்கவே நிற்காது, கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது. ஜெரோமும் கடைசியில் சிரித்தான்.

போகச் சொன்னார்கள். சோதிக்கும்போது யாரோ வயரைப் பிரித்துவிட்டிருந்தார்கள். பதற்றத்தில் எதை எதோடு சேர்ப்பது என்று எனக்கு மறந்துபோனது. அந்தச் சிப்பாய்தான் குனிந்து சேர்த்துவிட்டான். ஊரில் கராஜில் வேலை செய்தவனாம்.

மூன்று ஐம்பத்தைந்துக்குக் கோயில் வாசல்.

பூசை முடிந்து மணமக்களை ஏற்றிக்கொண்டு போகும்போது ஜெரோம் உண்மையைச் சொன்னான். மணப்பெண் கிளாரா பள்ளிக்கூட ரீச்சர். முழுவதையும் கேட்டாள். ஹாண்ட்பேக்கைத் திறந்து ஒரு திறப்பை எடுத்தாள்.

"வீட்டுக்காரரிட்ட இன்னொண்டு கேட்டு வாங்கினனான். இவரை எனக்குத் தெரியும்தானே" என்றாள்.

சிநேகிதர்கள் வேண்டுமென்று எதையும் உடைப்பதில்லை. நமக்கு உதவி செய்யத்தான் கையை நீட்டுகிறார்கள். அந்தக் கையில்தான் உடைகிறது. கோபிக்கவும் முடிகிறதா?

திங்கட்கிழமை புது லொக் போட்டேன். அதோடு இரண்டு திறப்பு தந்தார்கள்.

ஒன்றைக் கிளாராவிடம் கொடுத்துவிட்டேன்.