அண்ணனுக்கு நான் பறித்த ஆடாதோடை

அண்ணனின் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து எங்களோடு நிற்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் மகன் என்னை எழுதச் சொன்னான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் அவர்கள் குடவாசல் பக்கம் ஒரு குத்தகைக்காரர் வீட்டில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அண்ணன் படிப்பை விட்டுவிட்டு நெல் அரவை மில்லுக்கு வேலைக்குப் போனார். கடைசிவரை உமித் தூசியில் நின்றார். எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார். சாகுபடியை என்னிடம் விட்டார். விளைச்சல் குறைந்த வருஷத்திலும் ஒரு சொல் சொன்னதில்லை. பொய் பேசாதவர் என்று ஊரில் பெயர்.

சித்திரையில் அண்ணனுக்கு இருமல் பிடித்தது. மில் தூசி என்றார். நம்பினேன்.

எங்கள் வாய்க்கால் வரப்பில் ஆடாதோடை வேலியாக நிற்கிறது. ஆடு மாடு வாய் வைக்காது என்று அப்பா வைத்தது. தினமும் விடிந்ததும் முற்றிய இலையாகப் பறித்து, மிளகு தட்டிப் போட்டுச் சுண்டக் காய்ச்சி, தேன் விட்டுத் தூக்குச் சட்டியில் கொண்டு போவேன்.

“ஆடு கூடத் தொடாததை எனக்குக் கொண்டாந்திருக்கியேடா” என்பார். முகத்தைச் சுளித்துக்கொண்டு முழுவதும் குடிப்பார்.

ஆவணியில் குரல் தெளிந்த மாதிரி இருந்தது. அண்ணியிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அண்ணி அடுப்படிக்குப் போய்விட்டார்.

நடவு அன்று காலையில் போனபோது வலங்கைமான் அத்தை வீட்டாரும் மன்னார்குடி மாமாவும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை. ஏன் வந்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அண்ணன் இரண்டு வாய் குடித்தார். ஆள் காத்திருக்கும், போ என்றார். போனேன். இரு என்று யாரும் சொல்லவில்லை.

மதியத்துக்குள் அண்ணன் போய்விட்டார். சேற்றுக் காலோடு ஓடி வந்தேன்.

அடக்கத்துக்கு முன் மில் நண்பர் ஒருவர், டாக்டர் சொன்ன கெடுவைத் தாண்டியும் இருந்தாரே என்று அண்ணிக்கு ஆறுதல் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். நுரையீரலில் புற்று என்று ஆஸ்பத்திரியில் சித்திரையிலேயே சொல்லியிருக்கிறார்கள். இதைப் படிக்கும் உங்களில் பல பேருக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது.

அண்ணியிடம் கேட்டேன்.

“உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு தம்பி.”

“ஏன்?”

“எல்லாரும் என்னைப் பொணமாப் பாக்குறாங்க, அவன் ஒருத்தன்தான் இருமலுக்கு மருந்து கொண்டாறான்னு சொல்லுவாரு. உங்க சைக்கிள் சத்தம் கேட்டாத்தான் எந்திரிச்சு உக்காருவாரு.”

அண்ணனுக்கு அது நல்லதாக இருந்திருக்கலாம். எனக்கு இல்லை. நடவு ஒரு நாள் தள்ளிப் போயிருக்கலாம். அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அதை எனக்குத் தராமல் போய்விட்டார். பொய் பேசாதவர் என்று மேலே எழுதினேன். அதை அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவர்களுக்கும், குழி வெட்டியவர்களுக்கும், பெட்டி தூக்கியவர்களுக்கும், மில் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தெரிந்தும் வாய் திறக்காதவர்களுக்கும் நன்றி எழுதச் சொன்னான் அண்ணன் மகன். அது எனக்கு வரவில்லை. அண்ணன் அவர்களின் ஆன்மா இளைப்பாற வேண்டிக்கொள்ளுங்கள்.

வரப்பில் ஆடாதோடை தழைத்துக் கிடக்கிறது. வேண்டியவர்கள் வரலாம், பறித்துத் தருகிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்பதை மட்டும் முதலில் என்னிடம் சொல்லிவிடுங்கள்.

தம்பி