அறக்குளா மீன்களுக்கு மேலே

பேய், சாத்திரம், சகுனம் எதையும் நம்புகிற ஆள் இல்லை நான். வெள்ளவத்தையில் முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்தவள். இதைச் சொன்னால் ரீச்சருக்கு வயது போய்விட்டது என்று நினைப்பீர்கள். நினையுங்கள், ஆனால் கடைசிவரை கேளுங்கள்.

என் கணவருக்குக் கண்ணில் குளுக்கோமா. பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி வருகிறது. டொக்டர் சொன்ன அன்றே, வீட்டுக்கு வருகிற வழியிலேயே மனிதர் முடிவெடுத்துவிட்டார்: கண் தெரியும்போதே நோர்வே போய் வடதுருவ ஒளி பார்க்க வேண்டும், அதுவும் நல்ல பனிக்காலத்தில். எனக்கோ நுவரெலியா மலைக் குளிருக்கே மங்கி கேப்பும் இரண்டு போர்வையும் வேண்டும். முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

சரி, குளிரைத் தாங்குகிறீரா என்று முதலில் பரீட்சை வைப்போம் என்றார். கொட்டாஞ்சேனையில் அவருடைய சிநேகிதர் நிசாம் நானாவுக்கு மீன் குளிரறை இருக்கிறது. புறக்கோட்டை நடைபாதைக் குவியலில் தடித்த ஜாக்கெட் இரண்டு வாங்கினோம். ஒரு நாள் காலை பத்து மணிக்கு, வெயில் கொளுத்தக் கொளுத்த, அவற்றைப் போட்டுக்கொண்டே போய் இறங்கினோம். ஓட்டோக்காரர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நிசாம் நானா சிரிப்பை அடக்கிக்கொண்டு, பதினைந்து நிமிஷத்தில் திறப்பதாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

உள்ளே கல்லாக உறைந்த அறக்குளா மீன்கள் அடுக்கடுக்காக. இவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நிமிஷம் எண்ணுகிறார். மீன் மணத்தோடு எனக்கு மூக்கு விறைத்தது. ஐந்தாவது நிமிஷம் போல லைட் அணைந்தது. கத்த வாயெடுத்தவள் அப்படியே நின்றேன். நம்பினால் நம்புங்கள், மீன்களுக்கு மேலே பச்சையாய் ஒரு வெளிச்சம், கொடியில் காயப்போட்ட சேலை மாதிரி நீளமாக அசைந்தது. பிறகு இரண்டாகப் பிரிந்து, சின்னத் துண்டு மட்டும் மேலே எழும்பியது, கரையெல்லாம் ரோஸ் நிறம். பயமே வரவில்லை. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

கதவு திறந்ததும், கரண்ட் போன நேரம் பயப்படவில்லையா என்று இவரைக் கேட்டேன்.

"கரண்ட் எங்கை போனது? லைட் எரிஞ்சுகொண்டுதானே நிண்டது. நான் மணிக்கூட்டையல்லோ பாத்துக்கொண்டு நிண்டனான்."

நிசாம் நானாவும் கரண்ட் போகவே இல்லை என்றார்.

ஆசைப்பட்டவர் அவர், கண் போவதும் அவருக்கு. முதலில் பார்த்தது நான் என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்ததும், "டிக்கெட்டைப் போடுங்கோ, போவம்," என்றேன். மீன் வைத்தியம் பலித்துவிட்டது என்று அவர் வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

போன தையில் போனோம். அந்த ஜாக்கெட்டுகள் பாரம் என்று வீட்டிலேயே விட்டுவிட்டு, அங்கே புதிதாக வாடகைக்கு எடுத்தோம். கடலிலிருந்து மூன்று மணித்தியாலம் தள்ளி ஒரு பனிவெளி. இரண்டு நாள் வெறும் முகில், இவருடைய முகத்தைப் பார்க்கவே எனக்கு முடியவில்லை. மூன்றாம் நாள் வந்தது, பச்சையாய், நீளமாக. இனி இரண்டாகப் பிரியும் என்று நினைத்தேன், பிரிந்தது. சின்னத் துண்டு ரோஸ் கரையோடு எழும்பியது. அவர் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். நானும் முதல்தரம் பார்க்கிறவள் மாதிரிக் கைதட்டினேன். அவர் பார்த்துவிட்டார், எனக்கு அது போதும்.

அதோடு முடிந்திருந்தால் இதை உங்களிடம் சொல்லியே இருக்கமாட்டேன். வெளிச்சம் அடங்குகிற நேரம் அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இஞ்சேரும், உமக்கும் அறக்குளா மணக்குதோ?"