ஒரு சுற்றுக்குப் பத்து மில்லி

மைக்ரான் தன் மச்சானை இரும்பு செதுக்கும் மில்லிங் மெஷினில் கட்டி வைத்து அறுத்துவிட்டார் என்று தெருமுனை வரைக்கும் பேச்சு. விசாரித்ததில், அறுபட்டவர் மைக்ரான்தான். மச்சான் வாங்கியது அடி மட்டுமே.

முடியைக்கூட அளந்து பார்த்துத்தான் வெட்டிக்கொள்வார் என்று பட்டறை வைத்த பெயர் மைக்ரான். இருபத்திரண்டு வருடமாக ஒரே மெஷின். கைச்சக்கரம் சுற்றி ஓட்டிய அந்தக் கிழத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டலாம் என்று ஆசை காட்டியவன் மனைவியின் தம்பி. பட்டறையில் பாதிப் பங்குக்காரன். அதற்குப் பழைய திருகுகளைக் கழற்றிவிட்டு பால் ஸ்குரூ போட வேண்டும். உள்ளே குண்டுகள் உருள்வதால் விரலால் தள்ளினாலே சுற்றும் திருகு.

"கட்டர் மாட்டுன தலை மேல கீழ போறதுக்கு, திருகு ஒரு சுத்துக்கு அஞ்சு மில்லிமீட்டர் நகர்ந்தா போதும். கூட பிரேக் வச்ச மோட்டார்," என்றார் மைக்ரான்.

"பத்து போடலாம் மாமா. சும்மா சர்ருனு ஏறும்."

"சர்ருனு ஏறுறது சர்ருனு இறங்கும். பழசு முரடு, கரண்டு போனாலும் கடிச்சுப் புடிச்சிக்கும். இதுல நூத்தம்பது கிலோவ யாரு புடிப்பா, உங்க அக்காவா? என் கை போற எடம்டா அது. கைதான் எனக்குச் சோறு."

"அக்கா புடிச்சா விடவே மாட்டா மாமா. உங்களுக்குத் தெரியாததா."

மைக்ரான் சிரித்துத் தொலைத்தார். சிரிப்பைச் சம்மதமாக்கிக்கொண்டு, பத்து மில்லி ஸ்குரூவும் பிரேக் இல்லாத மோட்டாருமாக வந்து நின்றான் மச்சான். திட்டிக்கொண்டே மைக்ரான்தான் பொருத்தினார். மெயினை அணைக்கும் முன் தலைக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுப்பதை மட்டும் விடவில்லை.

நான்காம் நாள் காலை. கட்டர் நின்றிருந்தது, மோட்டார் தலையைத் தாங்கியிருந்தது. செதுக்கி முடித்த இரும்பைக் கழற்ற, அதைக் கவ்வியிருந்த வைஸுக்குள் மைக்ரான் இடது கையை விட்டார். கரண்டு இருக்கும் மெஷினில் கையா என்று பதறிய மச்சான் ஓடிப்போய் மெயினை அணைத்தான். ஜென்மத்தில் அவன் காட்டிய முதல் அக்கறை அது.

பிரேக்கும் முட்டும் இல்லாத தலை சர்ரென்று கைமேல் இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் மைக்ரானுக்கு பேரிங் உடைந்தது போலத்தான் கேட்டது. மச்சான் ஸ்குரூவைக் கையால் சுற்றித் தலையைத் தூக்கினான். கை வெளியே வந்தது. இரண்டு விரல்கள் வரவில்லை. ஆனால் அவருக்கு வெறியேறியது அதைப் பார்த்து அல்ல. நூற்றைம்பது கிலோவை அவன் அத்தனை சுலபமாகச் சுற்றித் தூக்கியதைப் பார்த்துத்தான்.

மூலையில் கிடந்த மூன்றடி பழைய திருகை வலது கையில் எடுத்தார்.

"ரெண்டு வெரலு. ரெண்டு அடி."

முதல் அடியில் தாடை பிளந்து, ரத்தத்தோடு மூன்று பற்கள் தரைக்கு வந்தன. இரண்டாவதற்கு ஓங்கியவர் மயங்கிச் சரிந்தார். தொங்கிய தாடையோடு விரல்களைப் பொறுக்கி, ஐஸில் போட்டு, மாமாவையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன்தான்.

சுண்டுவிரலை ஒட்டிவிட்டார்கள். மோதிர விரல் தேறவில்லை.

"ஒரு வெரலு போச்சு, ஒரு அடி குடுத்தீங்க. சரியாப் போச்சு, விடுங்க," என்றாள் மனைவி.

"ஒட்டினது மடங்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

கம்பி கட்டிய வாயோடு மச்சான் தினமும் காலையில் வந்து அந்தச் சுண்டுவிரலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறான். மெல்ல மடக்கிப் பார்க்கிறான். பேச முடியாது. கண்ணாலேயே கேட்பான்.

மைக்ரான் அளந்து பார்த்துத்தான் சொல்வார்.

"பாதிதான் மடங்குது. அரை அடி பாக்கி இருக்கு."