நாடகத்துக்கு வந்த அம்பு

தொண்ணூறுகளில் எங்கள் மயிலாப்பூர் நாடகத்துக்கு அம்பு செய்யச் சொல்லி அந்த மேற்கு மாம்பலம் தச்சரிடம் போனது என் தலையெழுத்து. காதில் பென்சில், மீசையெல்லாம் மரத்தூள். ரம்பம் போட்டால் நார் அறுந்து அம்பு வளைந்துவிடுமாம். அதனால் கட்டையைப் பிளந்து, ஒவ்வொரு குச்சியாகச் சீவி, ஒற்றைக் கண்ணால் பார்த்து, கோணல் என்று தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"மேடையில சும்மா வச்சுண்டு நிக்கத்தான்யா. யாரும் விடப்போறதில்ல."

"வில்லுல வெச்சா வுடாம இருப்பாங்களா சார்?"

நாடகத்தன்று மாலைதான் அம்பைக் கொடுத்தார். ராஜா வேஷக்காரர் கைதவறி விட்டுவிட, அது வாடகைத் திரையில் வரைந்திருந்த அரண்மனை வாசலைத் துளைத்துக்கொண்டு போனது.

மறுநாள் கிழிந்த திரையைத் தூக்கிக்கொண்டு தச்சரிடம் சண்டைக்குப் போனேன். ஓட்டையில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"நேராத்தான் போயிகீது சார்."

அந்த ஆளை என்ன சொல்லித் திட்டியிருக்கலாம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.