தலைவி சுற்றிப் போகிற வழி

எங்கள் கட்டடத்தில் அம்மாவைத் தலைவி என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் பயறு கிண்டுகிற அம்மா நோல்ஃபாவுக்கு அந்தப் பட்டம் வந்தது சுலபமாக. குடியிருப்போர் கூட்டத்தில் வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்கு மூடத் தெரியாது.

எங்கள் தெமுக்கோ ஊரில் குளிர்காலம் வந்தால் சுவர் அழும். என் கட்டிலுக்குப் பின்னால் படர்ந்த கறுப்புப் பூஞ்சையில் விரலால் கணக்கு வாத்தியார் முகம் வரைந்து வைத்திருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. எவ்வளவு விறகு எரித்தாலும் புகைதான் மிச்சம். இந்த நிலைமையில்தான் நகராட்சி ஆட்கள் வந்து, கட்டடத்துக்கு வெளியே குளிர் தாங்கும் பலகை ஒட்டித் தருகிறோம், ஜன்னலையும் மாற்றுகிறோம், ஆனால் எல்லா வீட்டுக்காரர்களும் சம்மதிக்க வேண்டும் என்றார்கள்.

அம்மா சோப்பைப்பிய்யா பொரித்துத் தட்டில் அடுக்கிக்கொண்டு கதவு கதவாகப் போனாள். பூசணி போட்ட அந்த வடைக்கு மயங்காத ஆள் ஊரில் கிடையாது. கடைசியாகத் தரைத்தளத்து தோன் எராஸ்மோ. தரைத்தளக்காரர்கள் யாரையும் கேட்காமல் வெளிச்சுவரை ஒட்டிப் பலகையும் தகரமுமாக ஓர் அறை கட்டிக்கொள்வது இங்கே வழக்கம். அவரும் கட்டியிருந்தார். அதில் அவர் மகள் யெசெனியா கைக்குழந்தையோடு இருந்தாள்.

"தலைவி, எம் பொண்ணு ரூமை இடிச்சிருவாங்களா?"

"அட, அதை யாரு தொடப்போறா? குளிருக்குச் சட்டை போடறது கட்டடத்துக்கு. உங்க ரூமுக்கா போடறாங்க?"

"கேட்டுட்டியா?"

"கேட்டாச்சு, கேட்டாச்சு. ஆறுது பாருங்க, எடுத்துக்குங்க."

கேட்கவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற எனக்குத் தெரியும். அவர் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "சரி" என்றார்.

அளவெடுக்க வந்த பொறியாளர் அந்த அறையைப் பார்த்ததும் ஆகாது என்று தலையாட்டினார். அது போனால்தான் பலகை ஒட்ட முடியும். ஓர் இடத்தை விட்டாலும் குளிர் அந்த வழியாக உள்ளே வரும். இடிக்காவிட்டால் கட்டடத்துக்கே வேலை கிடையாது.

அன்று அம்மா தட்டில்லாமல், என்னோடு தோன் எராஸ்மோ வீட்டுக்குப் போனாள்.

"கேட்டேன்னு சொன்னியே, நோல்ஃபா."

தலைவி என்று சொல்லவில்லை.

"கேக்கல, தோன் எராஸ்மோ. கேட்டா நீங்க மாட்டேன்னுடுவீங்களோன்னு பயம்."

மேல்மாடியில் ஒரு குழந்தை விடாமல் இருமிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டே நின்றோம்.

"இந்தச் சத்தம் தெனமும் இங்க வரைக்கும் கேக்குது," என்றார் தோன் எராஸ்மோ. மறுநாள் காலை அவரே அந்த அறையின் தகரத்தில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார்.

அம்மா யெசெனியாவிடம் ஓடினாள். "எங்க வீட்டுக்கு வந்துரும்மா. இவன் ரூமு இருக்கு, இவன் எங்கயாச்சும் உருண்டுக்குவான்."

என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

"உங்க பேச்சை நம்பிப் பட்டது போதும்," என்று சொல்லிவிட்டு யெசெனியா தொட்டிலைத் தூக்கிக்கொண்டு லவுத்தாரோவில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது சுவர் அழுவதில்லை. வாத்தியார் முகத்துக்கு மேல் புது வண்ணம். மாடிக் குழந்தை இருமாமல் தூங்குகிறது. அதன் தாய் படியில் அம்மாவைப் பிடித்து முத்தம் கொடுக்கிறாள். அம்மா மட்டும் வீட்டுக்குள்ளும் கம்பளிச் சட்டையைக் கழற்றுவதில்லை. "உனக்கு வேர்க்குதும்மா" என்றால், "உனக்கென்னடா?" என்கிறாள்.

அறை போனாலும் அதன் தரை ஓடுகள் அப்படியே கிடக்கின்றன. தோன் எராஸ்மோ அதில் ஒரு நாற்காலி போட்டு மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருப்பார். அம்மா கட்டடத்தின் பின்பக்கமாக, குப்பைத்தொட்டி வழியாகச் சுற்றித்தான் வேலைக்குப் போவாள்.

போன வாரம் குப்பை வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. வேறு வழியில்லாமல் முன்பக்கமாகப் போனோம்.

"காலை வணக்கம், தலைவி! வீடு நல்லா கதகதப்பா இருக்கா?" என்றார் தோன் எராஸ்மோ. கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

வாயை மூடத் தெரியாத அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.