சேசுராஜின் காலுக்கு ஒரு ஜோடி ஷூ

சேசுராஜ் போய்விட்டான்.

நேற்று அய்யலூர் சந்தையில் ஆடுகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது நெஞ்சு வலி. வேனை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்தவன் எழவில்லை. பக்கத்து சீட்டில் வேனின் சொந்தக்காரர், வடமதுரை சவுந்தர் இருந்தார்.

ஐம்பது வயதுகூட ஆகவில்லை…

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் ஃபுட்பால் பார்த்தவர்களுக்கு சேசு யாரென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோல் தொழிற்சாலையில் வேலை, எங்கள் ஊர் டீமுக்கு சென்டர் ஃபார்வர்டு. பந்து அவன் காலுக்கு வந்தாலே காம்பவுண்ட் சுவர் மேல் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள்.

இருபத்து நான்கு வயதில் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டான்.

முழங்கால் போய்விட்டது என்றார்கள். குடி என்றார்கள். ஏதோ பெண் விவகாரம் என்றும் சொன்னார்கள். எதுவும் உண்மையில்லை. அவனுடைய கடைசி மேட்ச்சுக்குச் செய்தி எழுதப் போனவன் நான்.

மலைக்கோட்டைக்குக் கீழே இருந்த அந்த கிரவுண்டில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. எதிரணி வெறுங்காலில் வந்தால், பூட்ஸ் வைத்திருப்பவர்களும் கழற்றி, கோட்டுக்கு வெளியே வரிசையாக வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். வெறுங்காலை பூட்ஸின் அடியிலிருக்கும் ஸ்டட் குமிழ்கள் மிதித்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கு ஃபைனல். வடமதுரை டீம் வழக்கம்போல வெறுங்காலில் வந்திருந்தது. சவுந்தர்தான் அவர்களுக்கு கோல்கீப்பர், கேப்டனும் அவரே.

சேசுவைப் பார்ப்பதற்கென்றே சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அரசு நிறுவனம் ஒன்றின் டீம், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. பூட்ஸ் போட்டு ஆடுவதைப் பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

சேசு பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு சவுந்தரிடம் போனான். "அண்ணே… இன்னைக்கு மட்டும்…"

"ஏலே, போட்டுக்கப்பா. வெறுங்கால்லயே உன்னைய நிப்பாட்ட முடியல. மழை வேற பேஞ்சு கெடக்கு, பூட்ஸப் போட்டாவது வழுக்கி விழுறியான்னு பாப்போம்."

இரண்டு டீமும் சிரித்தது. அன்று கிரவுண்டில் பூட்ஸ் போட்டிருந்தது அவன் ஒருவன்தான்.

இரண்டாம் பாதியில் கோலுக்கு முன்னால் பந்து தனியாகக் கிடந்தது. சேசு காலை வீசிவிட்டான். அதே நொடியில் சவுந்தர் பந்தின் மேல் பாய்ந்தார்.

பந்து உள்ளே போனது. கூட்டம் விசில் அடித்தது. சவுந்தர் எழுந்திருக்கவில்லை என்பதைப் பார்க்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது…

மதுரைக்குக் கொண்டுபோனார்கள். வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

சவுந்தருக்குத் தொழிலே ஆட்டு வேன் ஓட்டுவதுதான். அத்தோடு அவரால் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை.

சேசுவுக்கு வேலை உத்தரவு வந்தது. அவன் போகவில்லை. என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "இனிமே விளையாடலன்னு போட்ருங்கண்ணே. காரணம் வேணாம்." காரணம் இல்லாமலேயே செய்தி வந்தது.

பிறகு வடமதுரைக்குப் போய் சவுந்தரின் வேனை ஓட்ட ஆரம்பித்தான். கடைசி வரை ஓட்டினான்.

அவன் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். மாதா கோயிலில் பீடத்துக்கு முன்னால் கோட்டு, சூட்டு, டை… கீழே வெறுங்கால். யார் சொல்லியும் கேட்கவில்லை. அந்த மேட்ச்சுக்குப் பிறகு அவன் செருப்புகூடப் போட்டதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு தீபாவளி சமயம், அய்யலூர் சந்தைக்குச் செய்திக்காகப் போனேன். சாணிச் சகதியில் வெறுங்காலோடு நின்று சேசு ஆடுகளைத் தூக்கி வேனில் விட்டுக்கொண்டிருந்தான். சவுந்தர் என்னைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"சார், நீங்களாச்சும் இவனுக்குச் சொல்லுங்க. ஆஸ்பத்திரியில கெடக்கயிலயே வேலைக்குப் போடான்னு சொன்னேன். கேக்கல. இவன் என் வண்டிய ஓட்டுனா என் கண்ணு வந்துருமா? போட்டுக்கன்னு சொன்னது நானு. அந்தச் சொல்லை இன்னைக்கு வரைக்கும் இவன் வாங்கிக்கிட மாட்டேங்குறான். கண்ணு போனது கூட எனக்குப் பெருசு இல்ல சார்…"

சேசு திரும்பிப் பார்க்கவில்லை. "செத்த தள்ளி நின்னு பேசுங்கண்ணே, ஆட்ட ஏத்தணும்" என்றான்.

சவுந்தர் கோபத்தில் வேன் கதவை ஓங்கி அறைந்தார். ஆடுகள் மிரண்டன. சேசு ஒவ்வொன்றாகப் பிடித்து மறுபடியும் ஏற்றினான்.

இன்று அடக்கம். காலையிலிருந்து தூறல்.

பெட்டியில் வைப்பதற்கு முன் கோட்டு போட்டுவிட்டார்கள். மச்சினன் புது ஷூவும் வெள்ளை சாக்ஸும் வாங்கி வந்திருந்தான். சேசுவின் மனைவி ஸ்டெல்லா தடுத்தார்.

"வேணாம். கல்யாணத்துக்கே போடாதவரு."

"வெறுங்காலோட எப்புடிக்கா பெட்டியில வைக்கிறது? பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?"

"என்னமும் சொல்லிட்டுப் போகட்டும். அவரு மனசு எனக்குத் தெரியும்."

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த சவுந்தர் எழுந்தார். மச்சினன் கையிலிருந்த ஷூவை வாங்கி ஸ்டெல்லாவிடம் நீட்டினார்.

"போட்டு விடும்மா. அன்னைக்கும் நான்தான் சொன்னேன். இன்னைக்கும் நான்தான் சொல்றேன்."

ஸ்டெல்லா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாக்ஸைப் பிரித்தார்.

இத்தனை வருஷம் வெறுங்காலாகவே இருந்து பாதம் அகன்றுபோயிருந்தது. விறைத்தும் விட்டது. ஷூ சுலபத்தில் ஏறவில்லை. ஸ்டெல்லா குதிகாலைப் பிடித்துக்கொள்ள, சவுந்தர் தள்ளினார். லேஸை அவரே கட்டினார். ஒரு கண்ணில் முடிச்சு சரியாகத் தெரியவில்லை போல, முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்த் தடவித் தடவிக் கட்டினார்.

"மழை பேஞ்சு கெடக்கு. வழுக்கும். பாத்துப் போப்பா…"

போய் வா, சேசு.